அமெரிக்க ஹங்கேரியர்களின் சங்கக் கிளைகளில் என்னதான் நடக்கிறது? வெளியாட்கள் போகலாமா?

தாராளமாகப் போகலாம். விருந்துக்கும் நடனத்துக்கும் டிக்கெட் வாங்கினால் போதும், உங்கள் பூர்வீகத்தை யாரும் விசாரிக்க மாட்டார்கள். நான் பிட்ஸ்பர்க் அருகே குடியிருக்கிறேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் இப்படிப்பட்ட ஒரு கிளையில் நெடுங்காலம் செயலாளராக இருந்தவர். அவர் தயவில் விருந்துகளுக்கும், உறுப்பினர்கள் மட்டுமே உட்காரும் மாதக் கூட்டத்துக்கும்கூடப் போய்ப் பார்த்திருக்கிறேன்.

ஆட்டமும் சாப்பாடும்தான் சங்கம் என்று நினைத்துப் போனால் பாதிதான் கண்ணில் படும். அடிப்படையில் இவை மரண சகாய நிதிகள். 1886-ல் பென்சில்வேனியாவின் ஹேசில்டன் ஊரில் ஹங்கேரிய நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் பதின்மூன்று பேர் கூடி ஓர் உதவிச் சங்கம் தொடங்கினார்கள். தாய்நாட்டு நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரின் பெயரால் அதற்கு வெர்ஹோவாய் என்று பெயர் வைத்தார்கள். உறுப்பினர் காசு கட்டி வருவார். நோயில் படுத்தால் உதவித்தொகை, செத்தால் குடும்பத்துக்கு ஒரு தொகை. அவ்வளவுதான் திட்டம். பென்சில்வேனியாவில் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் வந்ததே 1915-ல்தான் என்பதை நினைத்துப் பார்த்தால் அது எவ்வளவு பெரிய காரியம் என்று புரியும். 1907 டிசம்பர் 19 அன்று பிட்ஸ்பர்க் வட்டாரத்தில் டார் நிலக்கரிச் சுரங்கம் வெடித்து 239 பேர் இறந்தார்கள். அவர்களில் ஹங்கேரியர்கள் ஏராளம். அன்று பழைய நாட்காட்டிப்படி புனித நிக்கோலஸ் திருநாள் என்று வேலைக்குப் போகாமல் கோயிலுக்குப் போன கிரேக்கக் கத்தோலிக்கர்கள் தப்பினார்கள்.

பழைய கிளைகளின் பழக்கவழக்கம் எல்லாம் இந்தப் பயத்திலிருந்து பிறந்தவை. நோயாளியைப் பார்த்துவர ஆள் நியமித்திருப்பார்கள். நலம் விசாரிக்க மட்டும் அல்ல, உதவித்தொகை வாங்குகிறவர் உண்மையிலேயே படுக்கையில்தான் இருக்கிறாரா, சாராயக் கடையில் இருக்கிறாரா என்று பார்க்கவும்தான். இழவு வீட்டுக்கு உறுப்பினர்கள் சட்டையில் பட்டி குத்திக்கொண்டு வரிசையாகப் போவார்கள். அந்தப் பட்டி ஒன்றைப் பெரியவர் எனக்குக் காட்டினார். ஒரு கையகல நீளத்துக்குத் தொங்கும் பட்டுத்துணி. மேலே உலோக வில்லை, கீழே சரிகைக் குஞ்சம். முன்பக்கம் ஹங்கேரியக் கொடியின் சிவப்பு, வெள்ளை, பச்சை: ஊர்வலத்துக்கும் விழாவுக்கும். திருப்பினால் முழுக்கக் கறுப்பு, வெள்ளி எழுத்து: சாவுக்கு. கறுப்புப் பக்கம்தான் அதிகம் தேய்ந்திருந்தது.

வெர்ஹோவாய் சங்கம் 1955-ல் கனெக்டிகட் மாநிலத்தின் பிரிட்ஜ்போர்ட்டில் இருந்த ராகோட்சி என்ற இன்னொரு ஹங்கேரிய உதவிச் சங்கத்தோடு இணைந்தது. இணைந்ததற்கு வைத்த பெயர் வில்லியம் பென். ஹங்கேரியர் சங்கத்துக்குப் பென்சில்வேனியாவை நிறுவிய ஆங்கிலேயரின் பெயர்! பிள்ளைகள் அமெரிக்கர்களாகிவிட்டார்கள், இனி வேற்று இனத்தவரையும் சேர்த்தால்தான் பிழைக்க முடியும் என்பதைத் தலைவர்கள் அப்போதே கண்டுகொண்டார்கள் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். ஹங்கேரியர்களில் சீர்திருத்தக் கிறிஸ்தவர்கள் (கால்வின் வழிப் புராட்டஸ்டன்ட்கள்) 1896-ல் தங்களுக்கென ஒரு கூட்டமைப்பை வைத்துக்கொண்டார்கள். பென்சில்வேனியாவின் லிகோனியரில் 1921-ல் ஓர் அநாதை இல்லமும் நடத்தத் தொடங்கினார்கள்.

இன்று காப்பீடு எங்கும் கிடைக்கிறது, பிறகு எதற்குக் கிளை என்று கேட்கலாம். சட்டம்தான் காரணம். அமெரிக்க வரிச் சட்டத்தில் இப்படிப்பட்ட உதவிச் சங்கங்களுக்கு, அதாவது சகோதரச் சங்கங்களுக்கு, வரிவிலக்கு உண்டு. ஆனால் கிளைகளாக இயங்க வேண்டும், உறுப்பினர்களுக்குள் உண்மையான ஒட்டுறவு இருக்க வேண்டும். ஆகவே கோடைக்கால விருந்து, போலிங் போட்டி, கோல்ஃப் போட்டி, கல்லூரி உதவித்தொகை, முதியோர் இல்லத்துக்கு நன்கொடை எல்லாவற்றுக்கும் கிளையின் கணக்குப் புத்தகத்தில் இடம் உண்டு. மாதக் கூட்டமும் அப்படித்தான் இருக்கும்: சென்ற கூட்டத்தின் குறிப்பைப் படிப்பது, கணக்கு ஒப்பிப்பது, இறந்தவர்களுக்கு ஒரு நிமிட மௌனம், அப்புறம் காபி, கேக், யாருக்கு முட்டி அறுவை சிகிச்சை என்ற பேச்சு. சுவாரசியம் குறைவு. காபியும் சுமார்தான்.

சுவாரசியம் வேண்டுமென்றால் செப்டம்பர், அக்டோபரில் நடக்கும் திராட்சை அறுவடை நடனத்துக்குப் போங்கள். மண்டபத்தின் உட்கூரைக்குக் கீழே குறுக்கும் நெடுக்கும் கயிறு கட்டி, கை எட்டும் எட்டாத உயரத்தில் திராட்சைக் குலைகளைத் தொங்கவிட்டிருப்பார்கள். அதுதான் தோட்டம். பூவேலை செய்த உடையும் பூட்ஸும் அணிந்த இளைஞர்களும் பெண்களும் காவலாளிகள். சார்தாஷ் என்ற ஹங்கேரிய நாட்டுப்புற நடனத்தின் இசை மெதுவாகத் தொடங்கும், ஜோடிகள் கனவான்களைப் போல நகர்வார்கள். வேகம் ஏற ஏற, சுழற்சியின் நடுவே ஒரு கை திராட்சை திருட மேலே போகும். காவலாளி பார்த்துவிட்டால் பிடித்துக்கொண்டுபோய் நீதிபதி வேடத்தில் இருப்பவர் முன் நிறுத்துவார்கள். அபராதம் கட்டினால்தான் விடுதலை. அந்தக் காசு சங்கத்துக்கு. எழுபது வயதுப் பாட்டி ஒருவர் வேண்டுமென்றே காவலாளியின் கண்ணெதிரே பறித்து, அகப்பட்டு, அபராதம் கட்டி, மறுபடியும் பறித்ததைப் பார்த்தேன். நன்கொடை வசூலிப்பதற்கு இதைவிட நல்ல வழியை நான் வேறெங்கும் கண்டதில்லை.

கோடையில் பன்றிக் கொழுப்பு வாட்டும் விருந்து. கொழுப்பு மிகுந்த, புகையூட்டிய பன்றி இறைச்சிக் கட்டியைக் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, நீளமான கம்பியில் குத்தி, விறகுத் தணலுக்கு மேலே பிடித்துக்கொண்டு ஆளாளுக்கு உட்கார்ந்திருப்பார்கள். கொழுப்பு உருகிச் சொட்டத் தொடங்கியதும் அதை ரை ரொட்டித் துண்டின்மேல் சொட்டவிட வேண்டும், மறுபடி தணலுக்கு, மறுபடி ரொட்டிக்கு. ரொட்டி ஊறியதும் அதன்மேல் பொடியாக நறுக்கிய வெங்காயம், வெள்ளரி, தக்காளி, முள்ளங்கி, குடைமிளகாய். ஒரு துண்டு தயாராக அரைமணி நேரத்துக்குக் குறையாது. அவசரக்காரர்களுக்கு இது சரிப்படாது. ஊர்க்கதை பேசுகிறவர்களுக்கென்றே உண்டான சமையல்.

எல்லா ஹங்கேரியர்களும் ஒரே குணம் என்று நினைத்துவிட வேண்டாம். 1914-க்கு முன் வந்தவர்கள் கிராமத்தார், சுரங்கத்திலும் உருக்காலையிலும் உழைத்தவர்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்தவர்களில் அதிகாரிகளும் படித்தவர்களும் அதிகம். அவர்களால் வளர்ந்தவைதான் நீள அங்கி அணிந்த இளம்பெண்களை அறிமுகப்படுத்தும் நடன விழாக்களும், ஹங்கேரிய மொழியிலேயே நடக்கும் சாரணர் படையும். சோவியத் ஆதிக்கத்துக்கு எதிரான 1956 புரட்சி நசுக்கப்பட்டபோது சுமார் 2 லட்சம் பேர் நாட்டைவிட்டு ஓடினார்கள். அமெரிக்கா வந்தவர்களில் பெரும்பாலோர் நியூ ஜெர்சியின் கில்மர் முகாம் வழியாக வந்தார்கள். பக்கத்தில் இருந்த நியூ பிரன்ஸ்விக் நகரம் ஹங்கேரியர்களின் பெரிய மையமாக நிலைத்ததில் அதற்கும் பங்கு உண்டு. இந்த மூன்று அலையும் ஒரே மண்டபத்தில் ஒட்டி உறவாடியதாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. பெரியவரின் தகப்பனார் உருக்காலைத் தொழிலாளி. பிந்தி வந்தவர்கள் தம் பேச்சைக் கேட்டுப் பட்டிக்காட்டு ஹங்கேரியன் என்று சிரித்ததை அவர் சாகும்வரை மறக்கவில்லையாம்.

மார்ச் 15 வந்தால் மட்டும் எல்லோரும் ஒன்றாக நிற்கிறார்கள். ஆஸ்திரிய ஆட்சிக்கு எதிரான 1848 புரட்சியின் நினைவு நாள் அது. இதயத்தின் பக்கம் மூவண்ண ரிப்பன் வட்டம் குத்திக்கொண்டு வருவார்கள். அந்தப் புரட்சிக்காகக் கவிஞர் பெட்டோஃபி எழுதிய தேசியப் பாடலை ஒரு சிறுவனோ சிறுமியோ ஒப்பிக்கும்.

மொழி போய்க்கொண்டிருக்கிறது, மறைக்க ஒன்றுமில்லை. போகாமல் இருப்பது சமையலறை. வாரநாளில் பாட்டிமார் கூடி, சிறு சதுர மாவுத் துண்டுகளை வரிவரியாகக் கீறிய பலகையில் வைத்து, மெல்லிய குச்சியில் உருட்டி, நத்தைக்கூடு போன்ற நூடுல்ஸ் செய்கிறார்கள். கோழி சூப்பில் போடுவதற்காக. பொட்டலம் போட்டு விற்று மண்டபத்துக்கு வெப்பமூட்டும் செலவைச் சரிக்கட்டுகிறார்கள். ஹங்கேரிய மொழியில் நாலு வார்த்தை பேசத் தெரியாத பேத்திகளுக்கும் அந்தக் குச்சியைப் பிடிக்கத் தெரிகிறது. ஆனால் அவர்கள் வேலைக்குப் போகிறவர்கள், செவ்வாய்க்கிழமை காலையில் வர முடியாது. கிளைகள் ஒன்றோடொன்று இணைந்துகொண்டே போவதற்கு மொழியைவிட இதுவே பெரிய காரணம் என்பது என் கணிப்பு.

சைவர்களுக்கு ஒரு வார்த்தை. முட்டைக்கோஸ் போட்ட நூடுல்ஸ் பார்க்கப் பரம சாதுவாக இருக்கும், வதக்கியது பன்றிக் கொழுப்பில் இருக்கலாம். பூரி போல எண்ணெயில் பொரித்து, பூண்டும் புளித்த பாலேடும் தடவித் தரும் லாங்கோஷ் அருமையாக இருக்கும், அதையும் எதில் பொரித்தார்கள் என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். இனிப்புகளில் கசகசா சுருளும் வால்நட் சுருளும் கட்டாயம் வாங்க வேண்டியவை. மதியத்துக்குள் தீர்ந்துவிடும். பல கிளைகளில் கார்டு வாங்குவதில்லை, கையில் ரொக்கம் இருக்கட்டும்.