நிமோனியா: இருமல் எப்போது நிற்கும்?

கேள்வி: அப்பாவுக்கு 62 வயது. நிமோனியாவுக்கு ஆஸ்பத்திரியில் இருந்து வந்து பத்து நாளாகிறது. காய்ச்சல் விட்டும் இருமல், அசதி போகவில்லை. எப்போது தறி ஓட்டப் போகலாம்?
– வாசகி, பல்லடம்

பதில்: காய்ச்சல் பொதுவாக ஒரு வாரத்தில் அடங்கிவிடும். சளி குறைய 4 வாரம், இருமல் தணிய 6 வாரம் ஆகலாம். அசதி 3 மாதம்கூட இழுக்கும். அதற்காக மருந்துக் கடையில் நீங்களாகவே ஆன்டிபயாடிக் வாங்கி நீட்டாதீர்கள். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா? அப்படியானால் தறி காத்திருக்கட்டும். பிறகும் முதலில் அரை ஷிப்ட், பஞ்சுத் தூசிக்கு மாஸ்க். பீடிப் பழக்கம் இருந்தால் அதை விட்டுவிட வேண்டும். 50 தாண்டியவர் என்பதால் 6 வாரத்தில் மறுபடி எக்ஸ்ரே எடுங்கள். வெள்ளைத் திட்டு கரையாவிட்டால் அடியில் காசநோயோ கட்டியோ இருக்கக்கூடும். சளிப் பரிசோதனை அரசு மருத்துவமனையில் இலவசம். திரும்பக் காய்ச்சல், மூச்சிரைப்பு அதிகமாவது, உளறல், விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரில் ஆக்சிஜன் 94 சதவீதத்துக்குக் கீழ் என்றால் அன்றைக்கே கூட்டிப்போங்கள்.