‘மன்னிப்பு’ உருதுச் சொல்லா? ‘பொறுத்தருள்க’ என்றுதான் எழுத வேண்டுமா?

ஏதோ வாட்சப் குழுவில் உங்களை யாரோ திருத்தியிருக்கிறார்கள், அதனால்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ‘மன்னிக்கவும்’ என்று போட்டால் போதும், “அது உருது, பொறுத்தருள்க என்பதே தமிழ்” என்று ஒருவர் வந்து நிற்பார். என்னிடம் அவர் 1996லேயே வந்துவிட்டார், சிவப்பு மையோடு.

அப்போது பத்தாம் வகுப்பு. வகுப்பறையில் ட்யூப் லைட் உடைந்தது. பந்தை எறிந்தவன் பக்கத்து பெஞ்ச்காரன், பிடிக்காமல் விட்டவன் நான், மாட்டியதும் நான். தலைமையாசிரியர் 45 ரூபாயும் மன்னிப்புக் கடிதமும் கேட்டார். கடிதத்தில் வகுப்பாசிரியர் கையெழுத்து வேண்டும். வகுப்பாசிரியர் எங்கள் தமிழ் ஐயா. ‘என்னை மன்னிக்கும்படி’ என்று நான் எழுதியதை அடித்துவிட்டு, மேலே ‘பொறுத்தருளும்படி’ என்று எழுதினார். வேறு தாளில் எழுதிக்கொண்டு போனேன். தலைமையாசிரியர் இரண்டு தடவை படித்துவிட்டு, “இதுல மன்னிப்பு எங்கடா இருக்கு?” என்றார். மூன்றாவது தாளில் ‘மன்னித்துப் பொறுத்தருளும்படி’. அன்று விட்டார்கள்.

நான் மொழியியல் படித்தவனில்லை, அடிக்க வராதீர்கள். ஆனால் உருதில் இருப்பது ‘மாஃப்’. நம்முடைய வினைச்சொல் ‘மன்னி’. படி, படித்தான், படிப்பு என்பது போல மன்னி, மன்னித்தான், மன்னிப்பு. கடைசியில் வரும் ‘ப்பு’ நம் விகுதி, அதை ‘ஃப்’ என்று காட்டுவது பொருந்தவில்லை. தெலுங்கில் ‘மன்னிஞ்சு’, கன்னடத்தில் ‘மன்னிசு’ என்று இருக்கின்றன, இரண்டுக்கும் மன்னிப்பது, மதிப்பது என்று இரு பொருளும் உண்டு. சொந்தம் தேடுவதானால் அந்தப் பக்கம் தேடலாம்.

ஐயா சொன்னதிலும் நியாயம் இல்லாமலில்லை. குறளில் மன்னிப்பு கிடையாது, பொறுத்தல்தான். ‘பொறுத்தல் இறப்பினை என்றும் அதனை மறத்தல் அதனினும் நன்று.’ இதில் ‘இறப்பு’ என்றால் சாவு என்றே நான் பரீட்சையில் எழுதி வைத்தேன். வரம்பு மீறிச் செய்த தீங்கு என்பது பிறகுதான் தெரிந்தது. சபரிமலைக்குப் போகிறவர்களும் ‘அறிந்தும் அறியாமலும் செய்த குற்றங்களைப் பொறுத்து’ என்றுதான் வேண்டிக்கொள்கிறார்கள்.

ஆனால் எங்கள் ஆச்சி வாயிலிருந்து இரண்டு சொல்லும் வந்து நான் கேட்டதில்லை. அன்றைக்குச் சங்கதியைக் கேட்டுவிட்டு, “தெரியாம நடந்துபோச்சு, மனசுல வச்சுக்கிடாதீங்கன்னு சொல்லிட்டு வரவேண்டியதுதானல. இதுக்கு எதுக்கு மூணு தாளு?” என்றாள். வீட்டுக்குள் பேச அதுதான் சரி என்பேன். பெற்ற அம்மாவிடம் போய் ‘மன்னிக்கவும்’ என்றால் பஸ்ஸில் காலை மிதித்தவன் மாதிரி இருக்கும்.

எழுத்தில் வேறு கதை. நீதிமன்ற அவமதிப்பு வழக்கில் ‘நிபந்தனையற்ற மன்னிப்பு’ கேட்டால்தான் மன்னிப்பு, ‘வருந்துகிறேன்’ என்றால் நீதிபதி நிமிர்ந்து பார்ப்பார். அரசியல்வாதிகள் இதைக் கச்சிதமாகத் தெரிந்து வைத்திருக்கிறார்கள், எல்லோரும் ‘வருத்தம்’தான் தெரிவிப்பார்கள். ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’ என்று தூர்தர்ஷன் போட்டது போல. அந்த அட்டை எப்போதும் ஒளியும் ஒலியும் நடுவில்தான் வரும். அது தனி வயிற்றெரிச்சல், விடுங்கள்.

ஆகவே ‘மன்னிக்கவும்’ என்றே எழுதுங்கள். திருத்துகிறவரிடம் ‘பொறுத்தருள்க’ என்று சொல்லிவிட்டுப் போங்கள், சந்தோஷப்படுவார்.

பந்தை எறிந்தவன் போன வருஷம் எங்கள் பழைய மாணவர் குழுவில் சேர்ந்தான். ட்யூப் லைட் பேச்சு வந்ததும் “சாரிடா மாப்ள” என்று ஒரு சிரிப்புப் பொம்மை போட்டான். அதெல்லாம் எப்பவோ மன்னிச்சாச்சு என்று நானும் போட்டேன். 45 ரூபாயைப் பற்றி அவனும் பேசவில்லை, நானும் மறக்கவில்லை.