புல்வெளியில் கன்று நடாதீர்கள்

அன்புள்ள ஐயா,

கோடைக்கானலில் இரண்டு நாள் அலைந்தும் வெள்ளை வயிற்றுச் சோலைக்கிளி என்ற சின்னப் பாட்டுப்பறவை (பேரில்தான் கிளி) கண்ணில் படவில்லை. எப்போது, எங்கே போனால் பார்க்கலாம்? கைபேசியில் அதன் பாட்டை ஒலிக்கவிட்டால் வருமா? அடுத்த மழைக்காலத்தில் நண்பர்களோடு அங்குள்ள வெற்றுப் புல்மேடுகளில் மரக்கன்று நடப்போகிறோம். பறவைகளுக்கு எங்களால் ஆன உதவி.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

விடியுமுன் போய், சோலைக்காட்டுக்குள் ஓடைக்கரையில் அசையாமல் உட்காருங்கள். பாட்டை ஒலிக்கவிடாதீர்கள். தன் இடத்துக்குள் இன்னொன்று புகுந்துவிட்டதென்று இரை தேடுவதையும் விட்டுவிட்டு அலையும். ஒரு படத்துக்காக அதைப் படுத்த வேண்டாம்.

நான் எழுத உட்கார்ந்தது உங்கள் கன்றுகளுக்காகத்தான். கொஞ்ச நாளாக இதே நினைப்பாக இருக்கிறேன். 'வெற்றுப் புல்மேடு' என்று எழுத எப்படி மனம் வந்தது? யாரோ காட்டை அழித்ததால் வந்த புல் இல்லை அது. பள்ளத்தில் சோலைக்காடு, மேட்டில் புல் என்று பல்லாயிரம் ஆண்டுகளாக இருக்கும் அமைப்பு. மழையை வாங்கி ஓடைக்கு மெல்ல விடுவது அந்தப் புல்தான். குறிஞ்சி பூப்பது அங்கே, வரையாடு மேய்வது அங்கே. நீலகிரி நெட்டைக்காலி என்ற சிறு பறவை கூடு கட்டுவதும் புல்லுக்கடியில்தான்.

என் பெரியப்பா அந்த மலையில், புல்வெளியை மூடிப் பரவும் வெளிநாட்டு மரமான சீகையின் நாற்றை நட்டுக் கூலி வாங்கியவர். தோல் பதனிடப் பட்டை வேண்டும் என்றார்கள், நட்டார். நல்ல காரியம் என்று கடைசிவரை நம்பினார். அவர்மேல் எனக்குக் கோபமே வந்ததில்லை. ஆனால் நீங்கள் படித்தவர், எல்லாவற்றையும் கைபேசியில் தேடத் தெரிந்தவர். உங்கள்மேல் வருகிறது.

அடுத்த முறை, நட்டு வளர்த்த பைன் தோப்பில் படம் எடுக்கும்போது குனிந்து தரையைப் பாருங்கள். காய்ந்த ஊசியிலை மெத்தை. அப்புறம் சோலைக்குள் போய் ஒரு கை சருகை அள்ளுங்கள். ஈரம் விரலில் ஒட்டும், புழுவும் வண்டும் நெளியும். சோலைக்கிளிக்குச் சோறு போடுவது அந்தச் சருகு. நீண்ட காலால் தத்தித் தத்தி, தரையில்தான் அது இரை பொறுக்கும். 2017-இல் இதற்கும் பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே வாழும் இதன் உறவுக்கும் சேர்த்துத் தனிப் பேரினமே வகுத்தார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் உலகில் வேறெங்கும் இல்லாத பறவை ஐயா இது. மரம் என்று எதையாவது நட்டால் வந்து குடியேறிவிடுமா?

நண்பர்களைக் கூட்டிக்கொண்டு கட்டாயம் போங்கள். வனத்துறையிடம் அனுமதி வாங்கி, புல்லில் முளைத்திருக்கும் சீகைக் கன்றுகளைப் பிடுங்குங்கள். மழை ஈரத்தில், முழங்கால் உயரத்துக்குள் இருந்தால் வேரோடு வந்துவிடும். வளர்ந்த மரங்களில் மட்டும் நீங்களாகக் கை வைக்காதீர்கள். வெட்டி வெயில் பட்டதும், மண்ணில் கிடக்கும் பழைய விதையெல்லாம் கூட்டமாக முளைத்துவிடும்.