கிராலி எடுத்த சர்வீஸ்

ஐயா,

கார்ச் கிராலி உள்ளரங்க வாலிபாலிலும் மணல் வாலிபாலிலும் ஒலிம்பிக் தங்கம் வாங்கியவர் என்று எழுதியிருந்தீர்கள். அவர் எத்தனை அங்குலம் எம்புவார்? என் மகனுக்கு 15 வயது, உயரம் 5 அடி 8 அங்குலம். ஸ்மாஷ் அடிப்பதற்காகத் தினமும் 200 தடவை குதிக்க வைக்கிறேன். போதுமா?

ஒரு தந்தை

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் அந்த 200-ஐ நிறுத்துங்கள். வளரும் பையனுக்கு முழங்கால் சிப்பிக்குக் கீழே தசைநார் எலும்போடு சேரும் இடம்தான் முதலில் நோகும். சிமென்ட் தரை என்றால் கேட்கவே வேண்டாம். பிள்ளை மேல் உங்களுக்கு உள்ள ஆசை புரிகிறது, அதை அவன் முழங்காலில் ஏற்றாதீர்கள்.

அங்குலக் கணக்கு கிடக்கட்டும். கிராலியின் சொத்து சர்வீஸ் எடுப்பது, அதாவது எதிரணி போடும் சர்வீஸை முன்கையால் வாங்கித் தன் அணிக்குக் கொடுப்பது. ஐந்து பேர் டபிள்யூ வடிவில் நின்று சர்வீஸ் எடுத்த காலத்தில், அமெரிக்கப் பயிற்சியாளர் டக் பீல் அந்த வேலையைக் கிராலி, ஆல்டிஸ் பெர்சின்ஸ் இருவரிடம் மட்டும் ஒப்படைத்தார். மைதான அகலம் 9 மீட்டர், ஆளுக்கு நாலரை. இவர்கள் எடுக்க, மற்றவர்கள் அடிக்க மட்டும் ஓடினார்கள். 1984 லாஸ் ஏஞ்சலஸ் தங்கம் அப்படி வந்தது. 1988 சியோலிலும் தங்கம். 1996 அட்லாண்டாவில் கென்ட் ஸ்டெஃப்ஸுடன் மணலில் ஜெயித்தபோது அவருக்கு வயது 35. மணலில் ஆடுவதே இருவர்தான், சர்வீஸ் எடுக்கத் தெரியாதவன் ஒளிய இடமில்லை.

நம் மின்னொளிப் போட்டிகளில் ஸ்மாஷுக்குத்தான் விசில் பறக்கும். பந்தை ஒழுங்காக எடுத்துக் கொடுத்தவனை யார் பார்க்கிறார்கள்?

உங்கள் பையனைக் கவனியுங்கள். கைகளைக் கோத்துக்கொண்டு ஓடுகிறானா? அதுதான் முதல் தப்பு. கால் போய்ச் சேர்ந்து நின்ற பிறகே கை சேர வேண்டும். முழங்கை மடங்கக் கூடாது. மணிக்கட்டுக்குச் சற்று மேலே, முன்கையின் சதைப்பகுதியில் பந்து பட வேண்டும். கட்டைவிரலில் பட்டால் எங்கே போகும் என்று அவனுக்கே தெரியாது. பந்து பக்கவாட்டில் வந்தால் அந்தப் பக்கத்துத் தோளை உயர்த்தி, மறுதோளை இறக்கி, முன்கையின் தளத்தைச் செட்டர் (ஸ்மாஷுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவர்) பக்கம் சாய்க்கட்டும். கையை வீசவே வேண்டாம். வேகமான சர்வீஸுக்கு வேகம் பந்திலேயே இருக்கிறது. வீசினால் நெட்டைத் தாண்டி எதிராளிக்கு இலவச ஸ்மாஷ்.

சுழலாமல் வரும் ஃப்ளோட் சர்வீஸ் கடைசி நேரத்தில் ஆடும், இறங்கும். அதற்கு முழங்காலை மடக்கித் தாழ நின்று, கடைசிவரை பந்தைப் பார்க்க வேண்டும்.

தினமும் 50 சர்வீஸ் எடுக்கட்டும். செட்டர் யாருக்கு வேண்டுமானாலும் தூக்கிக் கொடுக்கலாம் என்றால் 3. இருவருக்குத்தான் முடியும் என்றால் 2. ஓரத்துக்கு உயரமாகத் தள்ளுவதுதான் வழி என்றால் 1. பந்து போய்விட்டால் 0. நோட்டில் எழுதுங்கள். 5 அடி 8-க்கு லிபரோ, அதாவது பின்வரிசையில் பந்து எடுப்பதற்கென்றே ஆடுபவர் இடமும் இருக்கிறது, மறக்காதீர்கள். சராசரி 2-ஐத் தாண்டிய பிறகு குதிப்பைப் பற்றிக் கேளுங்கள், சொல்கிறேன்.