பத்தி ஏன் ஒட்டவில்லை? மொழிபெயர்ப்பு கேள்வி பதில்

ஒவ்வொரு வாக்கியமும் சரி. ஆனாலும் பத்தியாகப் படித்தால் ஒட்டவில்லையே, ஏன்?

வாசகர் தெரிந்ததைப் பிடித்துக்கொண்டுதான் புதியதற்குப் போகிறார். அந்தப் பிடி நழுவியிருக்கும். 1926-இல் பிராக் மொழியியல் வட்டத்தைத் தொடங்கிய வில்லெம் மதேசியுஸ் ஆங்கிலத்தையும் செக் மொழியையும் ஒப்பிட்டுக் காட்டியது இதைத்தான். செக் மொழி சொற்களை எளிதாக இடம் மாற்றிக்கொள்ளும். ஆங்கிலத்தால் அது முடியாது, அதனால் செயப்பாட்டு வினையைத் துணைக்கு அழைக்கிறது.

ஒரு பாலத்தைப் பற்றிய பத்தி என்று வையுங்கள். "ஓர் இளம் பொறியாளரால் அது வடிவமைக்கப்பட்டது" என்றால் புது ஆள் முதலிலேயே வந்து நிற்கிறார். "அதை வடிவமைத்தவர் ஓர் இளம் பொறியாளர்" என்றால் பாலம் முன்னே, செய்தி பின்னே. முழுப் பத்தியையும் படிக்காமல் முதல் வாக்கியத்தைத் தொடாதீர்கள்.

செயப்பாட்டு வினையைச் செய்வினையாக்குவது மூலத்துக்குத் துரோகம் இல்லையா?

இல்லை. ஆங்கிலத்தில் அதற்கு முக்கியமாக இரண்டு வேலை: செய்தவரை மறைப்பது, பேசுபொருளை முன்னே கொண்டுவருவது. இரண்டாவதற்குத் தமிழில் 'ஐ' உருபே போதும்: "பாலத்தை நகராட்சி கட்டியது." முதலாவதுதான் நோக்கம் என்றால் 'கட்டப்பட்டது' என்பதில் வரும் 'படு' இருக்கட்டும்.

அப்படியானால் மூலத்தின் வரிசையை அப்படியே வைத்துவிடலாமே?

நல்ல மடக்கு! ஆனால் பெயரெச்சத்தில், அதாவது 'நேற்று வந்த பையன்' என்பதில் 'வந்த' போலப் பெயருக்கு முன் வரும் சொல்லில், உதைக்கும். ஆங்கிலம் பெயரைச் சொல்லிவிட்டு விவரத்தைப் பின்னால் தொங்கவிடும். நாம் எல்லாவற்றையும் பெயருக்கு முன்னால் அடுக்குகிறோம். யாரைப் பற்றிய பேச்சு என்று தெரியாமலே வாசகர் மூன்று வரி சுமக்க வேண்டும். அதைவிட மோசம், பெயரெச்சத்துக்குள் போன விவரம் ஏற்கெனவே தெரிந்தது போல ஒலிக்கும். புதுச் செய்தி அங்கேயே புதைந்துவிடும். வாக்கியத்தை இரண்டாக உடையுங்கள்.

உடைத்தால் ஆசிரியரின் நடை போய்விடுமே?

நீள வாக்கியமே அவர் நடை என்றால், வினையெச்சங்களால் நீட்டுங்கள். 'வந்து, பார்த்து, யோசித்து' என்று நிகழ்ச்சி நடந்த வரிசையிலேயே ஓடும். வாசகருக்கு மூச்சு முட்டாது.

'அவன்' எத்தனை முறை வரலாம்?

வினைமுற்றின் விகுதியே ஆளைச் சொல்கிறது. தேவையில்லாத 'அவன்' வந்தால் வேறொருவன் வந்துவிட்டானோ என்று தோன்றும்.

ஒவ்வொரு வாக்கியத்தையும் 'மேலும்' என்று தொடங்கலாமா?

வேண்டாம். மொழியியலாளர்கள் ஹாலிடேயும் ருக்கையா ஹசனும் 1976-இல், வாக்கியங்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் பிணைப்பை ஐந்து வகையாகப் பிரித்தார்கள். இணைப்புச் சொல் அதில் ஒன்றுதான்.

கவிதைக்கும் இதே விதியா?

என் துறை இல்லை. யாப்பு தெரிந்தவரைக் கேளுங்கள்.

கணினி மொழிபெயர்ப்பை நம்பலாமா?

மறுபடியும் இதேவா? வாக்கியம் வாக்கியமாகக் கொடுத்தால் முன்னால் வந்தது அதற்குத் தெரியாது. பத்தியாகக் கொடுங்கள், அப்புறம் நீங்களே படியுங்கள்.

செயப்பாட்டு வினை பற்றி இன்னொரு சந்தேகம்...

மேலே இருக்கிறது.