முகம் வரைவது குறைவான வேலையா? ஓர் ஓவியர் வீட்டு அம்மாவுக்குப் பதில்

வணக்கம் அம்மா.

உங்கள் கடிதம் கிடைத்தது. வீட்டுக்காரர் ஆர்டருக்கு ஆள் படம் வரைகிறவர். அறுபதாம் கல்யாணம், கிரகப்பிரவேசம், மாலை போட வேண்டிய படம் எல்லாம் அவர் கையில்தான். நீங்களும் கூடவே உட்கார்ந்து வண்ணம் தீட்டுகிறீர்கள். பிளஸ் டூ முடித்த உங்கள் மகன், நம்ம தம்பி, ஓவியக் கல்லூரி என்கிறான், ஆனால் "முகம் வரைஞ்சு பிழைக்க மாட்டேன், சினிமாவுக்கும் கேமுக்கும் பெரிய கதைக்காட்சி வரைவேன்" என்கிறான். "எங்க பாடு எங்களோட போகட்டும், பேசாம பி.காம். சேர்த்துடலாமா சார்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

பி.காம். பற்றிப் பிறகு பேசலாம். முதலில் ழான்-மார்க் நாத்தியே என்ற பிரெஞ்சுக்காரரைப் பற்றிச் சொல்கிறேன். உங்கள் வீட்டுப் பிரச்சினை அப்படியே அவர் வீட்டிலும் இருந்தது.

1685-இல் பாரிஸில் பிறந்தவர். அப்பா மார்க் நாத்தியே உருவப்பட ஓவியர். அம்மா மரி கூர்த்வா உள்ளங்கைக்குள் அடங்கும் நுண்ணோவியங்கள் வரைந்தவர். அண்ணன் ஓவியர், ஞானத்தந்தை ழுவெனே அன்றைக்குப் பெயர்பெற்ற ஓவியர். இப்படிப்பட்ட வீட்டில் பென்சில் பிடிக்கச் சொல்லித்தர வேண்டியதில்லை. இருந்தாலும் வீட்டுப் பாடம் போதும் என்று விட்டுவிடாமல், அரச ஓவியக் கழகத்தின் பள்ளியிலும் பயிற்சி கொடுத்தார்கள். இதைக் கவனியுங்கள். வீட்டில் கை பழகும். தன் கைக்கு வெளியில் என்ன மதிப்பு என்பது வெளியே போனால்தான் தெரியும்.

ரோமில் இருந்த பிரெஞ்சுக் கழகத்தில் படிக்க இடம் தேடி வந்தது. அந்தக் காலத்தில் ஓர் ஓவிய மாணவனுக்கு அதைவிடப் பெரிய வாய்ப்பு கிடையாது. அவர் போகவில்லை. பாரிஸின் லக்சம்பர்க் அரண்மனையில் ரூபென்ஸ் என்ற பெரிய ஓவியர் தீட்டியிருந்த பிரம்மாண்டமான ஓவிய வரிசையை, தகட்டில் செதுக்கி அச்சிடுவதற்காகப் பார்த்து வரையும் பணி குடும்பத்திடம் இருந்தது. 1710-இல் வெளியான அந்தத் தொகுப்புக்காக அவர் வருடக்கணக்கில் உழைத்தார். நகலெடுப்பதா என்று தம்பி முகம் சுளிக்கலாம். அரசி, தேவதை, குதிரை, மேகம், பட்டுத்துணி மடிப்பு எல்லாம் ஒரே சட்டத்துக்குள் எப்படி நிற்கின்றன என்பதை நாத்தியேவின் கை அங்கேதான் பழகியது.

அவர் ஆசையும் தம்பியின் ஆசைதான். அன்றைய பிரான்சில் ஓவியத்துக்குள்ளேயே படிநிலை உண்டு. புராண, சரித்திரக் காட்சி வரைபவர் உச்சியில். முகம் வரைபவர் ஒரு படி கீழே. 1717-இல் ரஷ்யச் சக்கரவர்த்தி பீட்டர் ஹாலந்தில் இருந்தபோது நாத்தியே அங்கே போய் வரைந்துகொடுத்தார். ரஷ்யாவுக்கே வரச் சொன்னதற்கு மட்டும் சம்மதிக்கவில்லை. 1718-இல் கழகம் அவரை உறுப்பினராகச் சேர்த்தது, அதுவும் சரித்திர ஓவியர் என்ற தகுதியில். நினைத்தது நடந்துவிட்டது.

இரண்டே வருடம். 1720-இல் ஜான் லா என்ற ஸ்காட்லாந்துக்காரர் பிரான்சில் கட்டியெழுப்பியிருந்த காகிதப் பணமும் கம்பெனிப் பங்கும் மொத்தமாகச் சரிந்தன. நாத்தியேவின் சேமிப்பு அதோடு போயிற்று. (சீட்டுக் கம்பெனியில் பணம் போட்டவர்களுக்கு இந்தக் கதையை விளக்கவே வேண்டாம்.) பெரிய சரித்திரப் படத்துக்கு ஆர்டர் வருவது அபூர்வம், வந்தாலும் மாதக்கணக்கில் இழுக்கும். முகத்துக்கு உடனே காசு. அப்பாவின் தொழிலுக்கே திரும்பினார்.

திரும்பினாரே தவிர, அப்பா வரைந்த மாதிரி வரையவில்லை. ஷோன் சீமாட்டியைக் கையில் கிண்ணத்தோடு, கிரேக்கப் புராணத்தில் இளமையின் தேவதையான ஹீபியாக்கினார். பிரான்ஸ் அரசர் பதினைந்தாம் லூயியின் மகள் ஆன்ரியெத்தைப் பூக்களின் தேவதை ஃப்ளோராவாக்கினார். முகம் வாடிக்கையாளருடையது, உடம்பும் மேகமும் ரூபென்ஸிடம் பழகியது. வராமல் போன சரித்திர ஓவியம் உருவப்படத்துக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. அழகில்லாத பெண்ணையும் அச்சு அசலாக வரைந்து, அதே சமயம் அழகாகவும் காட்டிவிடுவார் என்று அந்தக் காலத்து இத்தாலிய எழுத்தாளர் காசனோவா வியந்து எழுதியிருக்கிறார். அந்த வித்தைக்குத்தான் அரச குடும்பம் வாழ்ந்த வெர்சாய் அரண்மனை காசு கொடுத்தது.

1747-இல் பதினைந்தாம் லூயி நாத்தியேவை ஃபோந்தெவ்ரோ கன்னியர் மடத்துக்கு அனுப்பினார். இளைய இளவரசிகளைச் சிறு வயதிலேயே அங்கே வளர அனுப்பியிருந்தார்கள். பெற்ற தாய் பார்த்து ஒன்பது வருடமாகியிருந்தது. அரசிக்கு அந்தப் பிள்ளைகள் இப்போது எப்படி இருக்கிறார்கள் என்று காட்டியவை நாத்தியே கொண்டுவந்த படங்கள். முகம் வரைவது குறைவான வேலையா என்று தம்பியிடம் கேளுங்கள்.

அவர் வேலையில் எனக்கு மிகவும் பிடித்தது 1748-இல் வரைந்த அதே அரசி, மரி லெசின்ஸ்காவின் படம். கிரீடமில்லை, தேவதை வேடமில்லை. ஓரத்தில் ரோமம் வைத்த சிவப்பு உடை, தலையில் லேஸ். விரித்த புத்தகத்தில் கை இருக்க, யாரோ கூப்பிட்டதுபோல் தலையை மட்டும் திருப்பியிருக்கிறார். சாதாரண உடையில்தான் வரைய வேண்டும் என்பது அரசியின் விருப்பம். இப்படியும் வரையத் தெரிந்தவர், தேவதை வேடத்தையே நம்பிக் காலத்தை ஓட்டியது எனக்கு வருத்தம்தான். ஏனென்றால் ரசனை மாறியது. தீதரோ போன்ற விமர்சகர்கள் அவரை விட்டுவைக்கவில்லை. கடைசி வருடங்களில் நோயும் பணமுடையும் சேர்ந்துகொண்டன. 1766-இல் இறந்தார்.

அவர் பிள்ளைகள் விஷயத்தையும் சொல்ல வேண்டும். ஒரு மகளை லூயி டோக்கே என்ற உருவப்பட ஓவியருக்குக் கட்டிக்கொடுத்தார். மகனை ஓவியம் படிக்க, தான் வேண்டாமென்று விட்ட அதே ரோமுக்கு அனுப்பினார். 1754-இல் பையன் அங்கே டைபர் ஆற்றில் மூழ்கி இறந்துபோனான். 1730-இல் தொடங்கிய குடும்பப் படத்தை நாத்தியே 1762-இல்தான் முடித்தார். அதற்குள் படத்தில் இருக்கும் மனைவியும் மகனும் உயிரோடு இல்லை.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். பயத்தில் சேர்க்கும் பி.காம். வேண்டாம் அம்மா. பி.எஃப்.ஏ. என்கிற நுண்கலைப் பட்டம் நான்கு வருடப் படிப்பு, தம்பி சேரட்டும். ஓவியப் பிரிவா, காட்சித் தொடர்பு வடிவமைப்பா (விஷுவல் கம்யூனிகேஷன் டிசைன்) என்பதை அவன் கைவேலையைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். கதைக்காட்சி வரைய ஆசைப்படுகிறவனுக்கு உடற்கூறு தெரிந்தாக வேண்டும். முதல் இரண்டு வருடம் அதில் குறை வைக்கக் கூடாது. கம்ப்யூட்டரில் வரைவதைக் கூடவே கற்றுக்கொள்ளட்டும். ஒரே பாணிக்கு ஆர்டர் குவிந்தாலும் அடுத்த பாணிக்குக் கையைத் தயார்செய்யும் பழக்கம் கல்லூரியிலேயே வர வேண்டும்.

லீவு நாளில் அப்பாவின் ஆர்டரில் மாதம் ஒன்றாவது அவன் முடிக்க வேண்டும், சம்பளத்துக்கு. என்ன விலை சொல்வது, முன்பணம் எவ்வளவு வாங்குவது, "மூக்கு எங்க தாத்தா மாதிரி இல்லையே" என்று வருகிறவரை எப்படிச் சமாளிப்பது என்பதெல்லாம் எந்தக் கல்லூரிப் பாடத்திலும் வராது, உங்கள் வீட்டுக்காரருக்கு அத்துப்படி.

சேர்க்கைக்கு முன் தம்பியின் நோட்டுகளில் இருபது தாள் எனக்கு அனுப்புங்கள். போனில் படம் பார்த்து வரைந்தது வேண்டாம். ஆளை எதிரே உட்காரவைத்து வரைந்ததாக இருக்கட்டும். அதில் பாதியாவது கை, கால், உட்கார்ந்த நிலை. அதைப் பார்த்துவிட்டு எந்தப் பிரிவு என்று எழுதுகிறேன்.