கொரியாவில் ஒலிக்கும் அப்பா

வணக்கம்.

ஒரகடத்தில் ஒரு கொரிய நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். போன வாரம் நைட் ஷிப்டில் எங்கள் கொரிய மேலாளர் வீடியோ காலில் தன் மகளோடு பேசிக்கொண்டிருந்தார். குழந்தை "அப்பா, அப்பா" என்று கூப்பிட்டது காதில் விழுந்ததும் செய்துகொண்டிருந்த வேலையை அப்படியே நிறுத்திவிட்டேன். விசாரித்தால், அம்மாவுக்கு 'ஓம்மா', புல்லுக்குப் 'புல்', நானுக்கு 'நா' என்கிறார். வாட்ஸ்அப்பிலும் இப்படி ஒரு பட்டியல் சுற்றுகிறது. தமிழிலிருந்து பிறந்ததுதான் கொரிய மொழி என்று நண்பர்கள் சாதிக்கிறார்கள். உண்மைதானா?

ம., ஒரகடம்

அன்புள்ள ம.,

அந்தக் குரலைக் கேட்டதும் உங்களுக்கு உடம்பு சிலிர்த்திருக்கும். இதில் மயங்கியவர்கள் நிறையப் பேர். கொரியாவில் ஆசிரியராக இருந்த அமெரிக்கர் ஹோமர் ஹல்பர்ட், 1905லேயே கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு ஒரு புத்தகமே எழுதினார். ஆனாலும் என் பதில், இல்லை என்பதுதான். மொழியியலாளர்கள் இன்று அந்த உறவை ஏற்பதில்லை.

முதலில் அப்பாவையும் அம்மாவையும் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். பல் முளைக்காத குழந்தை உதட்டை மூடித் திறந்தாலே 'ப'வும் 'ம'வும் வந்துவிடும். மார்பில் வாய் வைத்திருக்கும்போது மூக்கு வழியாக மட்டுமே முனக முடியும்; அந்த முனகலிலிருந்துதான் 'ம' தாய்க்கு உரியதாயிற்று என்று ரோமன் யாக்கப்சன் என்ற மொழியியலாளர் கருதினார். குழந்தை மழலையில் எதையோ சொல்கிறது, பெற்றவர்கள் தங்களைத்தான் கூப்பிடுகிறது என்று பூரித்துப்போகிறார்கள். யார் முந்திக்கொள்கிறார்கள் என்பது மொழிக்கு மொழி மாறும். ஜார்ஜிய மொழியில் 'மாமா' என்றால் அப்பா, அம்மா அங்கே 'தெதா'. ஆங்கிலக் குழந்தைக்கு மாமா என்பது அம்மா. நமக்கோ அம்மாவின் உடன்பிறந்தவர்.

மீதி இருப்பவை புல்லும் நாவும். ஆயிரக்கணக்கான சொற்கள் உள்ள இரண்டு மொழிகளைப் பக்கத்தில் வைத்தால் சில சொற்கள் தற்செயலாக ஒத்துப்போகத்தான் செய்யும். ஆஸ்திரேலியப் பழங்குடி மொழியான ம்பபரத்தில் நாய்க்கு 'டாக்' என்றே பெயர். ஆங்கிலேயர் கொடுத்த சொல் இல்லை அது. அதே வட்டாரத்து யிடிஞ் மொழியில் 'குடகா' என்று இருப்பதும் இதுவும் ஒரே சொல்தான், தேய்ந்து இப்படி நின்றிருக்கிறது.

அப்படியானால் உறவை எப்படிக் கண்டுபிடிப்பது? ஓசூர் தாண்டி ஒரு டீக்கடையில் உட்கார்ந்து கேளுங்கள். பால் அங்கே ஹாலு. பல் ஹல்லு, பத்து ஹத்து, புலி ஹுலி. தமிழில் சொல்லின் முதலில் ப வருகிற இடத்தில் அங்கே ஹ, ஒன்றிரண்டு சொல்லில் மட்டுமில்லை, வரிசையாக. பழைய கன்னடத்தில் இவை பகரத்தோடுதான் இருந்தன. சென்னைக் கோட்டையில் இருந்த ஆங்கிலேய அதிகாரி எல்லிஸ் 1816இல் தமிழ், தெலுங்கு, கன்னட வேர்ச்சொற்களை வரிசைகட்டி வைத்துத்தான் இவை ஒரே குடும்பம் என்று காட்டினார். கொரியப் பட்டியலில் அந்த வரிசையைத் தேடிப் பாருங்கள், கிடைக்காது. அங்கே ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக நிற்கிறது.

இப்படித் தற்செயலாக ஓசை ஒத்துப்போவது தமிழுக்குள்ளேயே உண்டு. படுக்கிற பாய் நம் சொல். கறிக்கடைக்காரரை "பாய்" என்று கூப்பிடுகிறோமே, அது உருது வழியாக வந்தது. வடமொழியில் சகோதரனைக் குறிக்கும் 'ப்ராத்ரு' அதன் மூலம். ஆங்கில 'பிரதர்' அந்தப் பாய்க்குத்தான் தூரத்துச் சொந்தம். ஓசை ஒன்றாகிவிட்டதே தவிர இரண்டும் வந்த வழி வேறு.

ஒன்று சொல்ல வேண்டும். கொரிய மொழியிலும் 'மாமா' உண்டு. ராஜா ராணியை விளிக்கும் மரியாதைச் சொல் அது, சரித்திரத் தொடர்களில் கேட்டிருப்பீர்கள். பெரியம்மைக்கும் அதே பெயர்தான். நோயோடு வரும் தெய்வம் கோபித்துக்கொள்ளக் கூடாது என்று அப்படிச் சொன்னார்கள். 'சொன்னிம்', அதாவது விருந்தாளி, என்றும் சொன்னார்கள். இதைப் படித்தபோது எனக்கு ஆச்சியின் ஞாபகம் வந்துவிட்டது. ஏழு வயதில் எனக்குச் சின்னம்மை போட்டிருந்தது. நிலைப்படியில் வேப்பிலையைச் செருகிவிட்டு, "ஆத்தா வந்திருக்கா, போய் அந்தப் பக்கம் விளையாடுங்க" என்று தெருப்பிள்ளைகளிடம் தணிந்த குரலில் சொன்னாள். தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை வீட்டில் தாளிப்பு வாசமே எழவில்லை.

அம்மைக்கும் அந்த மாமாவுக்கும் சொல்லளவில் எந்தத் தொடர்பும் இல்லை. இருந்தும் அந்த ஊர்க் கிழவிகளும் வந்த நோயிடம் ஆச்சியைப் போலவே குரலைத் தாழ்த்தித்தான் பேசியிருக்கிறார்கள். உங்கள் மேலாளர் வீட்டுப் பெரியவர்களுக்கு அந்தச் சொல் தெரிந்திருக்கும். அந்த நோய் வந்த காலத்தில் அவர்கள் வீட்டில் என்ன செய்தார்கள் என்று கேட்டு எழுதுங்கள், காத்திருக்கிறேன்.